ஹம்பிக்கு மூன்று நாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை வந்தால் போதும், ஹம்பி போகலாமா என்று யாராவது கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர்கள் வேறு வேறு என்றாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹம்பியைக் கோயில் பட்டியலாக வைத்துக்கொண்டு சுற்றினால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். இருநூறு வருஷத்துக்கும் மேல் விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இயங்கிய இடம் அது. சந்தை எங்கே கூடியது, தண்ணீர் எப்படி வந்தது, அரசர் எங்கே உட்கார்ந்து விழா பார்த்தார் என்று தேடிக்கொண்டே நடங்கள். அந்த ஊர் வேறு மாதிரி தெரியும்.

போவதற்கு முன் வரலாறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கொஞ்சம் போதும். ஹரிஹரர், புக்கர் என்ற சங்கம வம்சத்துச் சகோதரர்கள் 1336-இல் விஜயநகர அரசைத் தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். சங்கமர், சாளுவர், துளுவர் என மூன்று வம்சங்கள் துங்கபத்திரைக் கரையிலிருந்த இந்த நகரத்திலிருந்து ஆண்டன. துளுவ வம்சத்துக் கிருஷ்ணதேவராயரின் காலம் (1509–1529) உச்சம். ஹம்பியில் நீங்கள் வாய்பிளந்து பார்க்கப்போகும் பல கட்டடங்களில் அவர் கை இருக்கிறது.

1565 ஜனவரியில் தக்காணச் சுல்தான்களின் கூட்டுப்படையோடு நடந்த போரில் (தலைக்கோட்டைப் போர் என்று பள்ளியில் படித்திருப்போம்) ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராமராயர் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி திருமலர் கஜானாவை எடுத்துக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் போய்விட்டார். காவல் இல்லாத தலைநகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. அதற்குப் பிறகு அது தலைநகரமாக எழவே இல்லை.

அரசு அதோடு முடிந்துவிடவில்லை. நான்காவதான ஆரவீடு வம்சம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று இடம் மாறி மாறி ஆண்டது. 1639-இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு இன்றைய சென்னைக் கடற்கரையில் இடம் கொடுத்த தாமர்லா நாயக்கர் இந்த அரசின் கீழ் இருந்தவர்தான். சென்னைக்காரர்கள் ஹம்பியில் நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் வேண்டும்?

இரண்டு இரவு, மூன்று பகல். அதற்குக் குறைத்தால் ஓட்டமாகத்தான் இருக்கும். யுனெஸ்கோ பட்டியலில் 1986-இல் சேர்க்கப்பட்ட இந்த இடத்தின் பரப்பு 4,000 ஹெக்டேருக்கும் அதிகம். அதற்குள் எஞ்சி நிற்கும் கட்டடங்கள் 1,600-க்கு மேல். எல்லாவற்றையும் பார்ப்பது யாராலும் முடியாது, முயலவும் வேண்டாம். பெங்களூரிலிருந்து காரில் வந்து ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கல் தேரின் முன் படம் எடுப்பார்கள், வெயிலில் வாடுவார்கள், கிளம்புவார்கள். அப்படிப் போவதைவிடத் தள்ளிப்போட்டுவிட்டு நாள் கிடைக்கும்போது போகலாம்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மார்ச் நடுவிலிருந்தே பாறைகள் காயத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். மாலையிலும் கல் சூட்டை விடாது. சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கோடையில் அழைத்துப்போக வேண்டாம்.

மழைக்காலத்துக்கு ஓர் அழகு உண்டு. கூட்டம் குறைவு, பாறைகளுக்கு நடுவே எங்கும் பச்சை. ஆனால் ஆகஸ்ட் வாக்கில் துங்கபத்திரை அணை நிரம்பி நீரைத் திறந்துவிட்டால் ஆறு சட்டென்று ஏறும். ஆற்றங்கரையிலுள்ள புரந்தரதாசர் மண்டபம் மூழ்கும், பரிசலும் படகும் நின்றுவிடும். அந்தச் சமயம் போகிறவர்கள் கிளம்பும் முன் அணை நிலவரத்தைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து எப்படிப் போவது?

ஹம்பிக்கு ரயில் கிடையாது. இறங்க வேண்டிய நிலையம் ஹோஸ்பேட், அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். பெரும்பாலானவர்களுக்கு எளிய வழி பெங்களூர் போய், இரவில் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறுவது. காலையில் ஹோஸ்பேட்டில் இருப்பீர்கள், பகல் வீணாகாது. சென்னையிலிருந்து மும்பை போகும் ரயிலில் குண்டக்கல்லில் இறங்கி, பெல்லாரி வழியாகப் போகும் ரயிலுக்கு மாறுவது இன்னொரு வழி. நேரம் ஒத்துவந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவில் குண்டக்கல் நடைமேடையில் பிள்ளைகளோடு மணிக்கணக்கில் உட்காரும்படி ஆகிவிடக் கூடாது.

காரில் போனால் பெங்களூரிலிருந்து தும்கூர், சித்ரதுர்கா வழியாக ஏறத்தாழ 340 கிலோமீட்டர். சாலை நன்றாக இருக்கிறது. ஹோஸ்பேட் பேருந்து நிலையத்திலிருந்து ஹம்பிக்கு அடிக்கடி அரசுப் பேருந்து உண்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மூட்டை முடிச்சு நிறைய இருந்தால் ஆட்டோ.

எங்கே தங்கலாம்?

பயணம் எப்படி அமையும் என்பதை இதுதான் முடிவு செய்யும், அதனால் யோசித்துச் செய்யுங்கள். ஹோஸ்பேட்டில் எல்லா விலையிலும் ஹோட்டல் உண்டு. வசதி அதிகம், ஆனால் தினமும் போய்வரும் தூரம் உங்கள் விடியற்காலையைத் தின்றுவிடும். ஹம்பியில் விடியற்காலைதான் தங்கம்.

விரூபாட்சர் கோயிலை ஒட்டிய ஹம்பி கிராமத்தில் குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகள் இருக்கின்றன. அறை எளிமையாக இருக்கும், கதவைத் திறந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஆறு. நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். பெரியவர்களோடு போகிறவர்களுக்குக் கமலாபுரம் நல்லது. கர்நாடகச் சுற்றுலாக் கழகத்தின் மயூரா புவனேஸ்வரி ஹோட்டல் அங்கே இருக்கிறது, அரண்மனைப் பகுதியும் அருங்காட்சியகமும் பக்கம்.

பழைய பயணக் குறிப்புகளில் ஆற்றுக்கு அக்கரையில் விரூபாபுர கட்டே என்ற இடத்தைப் புகழ்ந்திருப்பார்கள். அங்கிருந்த விடுதிகள் அனுமதியில்லாத கட்டடங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-இல் இடிக்கப்பட்டன. இப்போது அக்கரையில் தங்குவதென்றால் ஆனெகுந்தி, சாணாபூர் பக்கம். அமைதியான இடம்தான். ஆனால் கடைசிப் படகு இருட்டும் முன் போய்விடும், பாலம் வழியாகச் சுற்றி வர நேரமாகும்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

ஊரை மனத்தில் இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் கோயில் பகுதி, தெற்கே கமலாபுரம் பக்கம் அரண்மனைப் பகுதி. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் நெல்லும் வாழையும். அந்த வயல்களுக்குப் பாயும் துருத்துக் கால்வாய் விஜயநகரத்தார் வெட்டியது, இன்னும் ஓடுகிறது. கோயில்களைப் பார்த்து வியக்கிற நம்மில் பலர் அந்தக் கால்வாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டுகிறோம். எனக்கு அது பெரிய வருத்தம்.

முதல் நாள் காலை வந்து இறங்கிக் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மூன்றரை மணிக்குக் கிளம்பி நரசிம்மரில் ஆரம்பியுங்கள். 1528-இல் செதுக்கிய, 6.7 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் சிலை. மடியிலிருந்த லட்சுமி உடைந்து போய்விட்டாள். அவர் முதுகுப்பக்கம் உற்றுப் பார்த்தால் அவளுடைய கை மட்டும் அணைத்தபடி இருப்பது தெரியும். பக்கத்திலேயே தண்ணீருக்குள் நிற்கும் படவி லிங்கம்.

அங்கிருந்து கிருஷ்ணர் கோயில். ஒடிசாவை ஆண்ட கஜபதி மன்னரிடமிருந்து உதயகிரிக் கோட்டையைப் பிடித்த கிருஷ்ணதேவராயர், அங்கிருந்து பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்த கோயில் இது. கருவறை இப்போது காலி. அந்தப் பாலகிருஷ்ணர் இருப்பது நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில். ஹம்பி போகும் முன்போ வந்த பின்போ ஒரு நடை போய்ப் பாருங்கள். கோயிலுக்கு எதிரே பழைய சந்தை வீதியும் குளமும் இருக்கின்றன. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் இறங்கி நடங்கள்.

பிறகு கடலைக்கல் கணேசர், கடுகுக்கல் கணேசர் இருவரையும் பார்த்துவிட்டு ஹேமகூட மலைமேல் ஏறுங்கள். ஏறுவது சிரமமே இல்லை, அகலமான பாறைச் சரிவு. மேலே விஜயநகரத்துக்கும் முந்திய சின்னச் சின்னக் கோயில்கள். சூரியன் சாய்வதைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே இறங்கினால் விரூபாட்சர் கோயில், மாலைப் பூஜை நேரம்.

விரூபாட்சர் கோயிலில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், அது வழிபாடு நிற்காமல் நடக்கும் கோயில். நம் ஊர்க் கோயிலுக்குப் போகிற மாதிரியே போங்கள். கிழக்குக் கோபுரம் ஒன்பது நிலை, ஏறத்தாழ 50 மீட்டர். கீழே கல், மேலே செங்கலும் சுதையும் என்ற அமைப்பு தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உடனே பழகியதாகத் தெரியும். கிருஷ்ணதேவராயர் பட்டமேற்றதை ஒட்டி 1510-இல் எழுப்பிய ரங்கமண்டபத்தின் கூரையில் ஓவியங்கள் உண்டு. கழுத்து வலித்தாலும் நின்று பாருங்கள். பின்பக்கம் ஓர் இருண்ட அறையில், சுவரிலுள்ள சிறு துளை வழியே வரும் வெளிச்சத்தில் கோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும். வெயில் நன்றாக இருக்கும் காலை நேரத்தில் தெளிவாகத் தெரியும்.

விட்டலர் கோயிலுக்கு ஆட்டோவா, நடையா?

நடை. காலை ஆறரைக்குள் விரூபாட்சர் கோயில் எதிரேயுள்ள நீண்ட கடைவீதியில் தொடங்கி, அதன் கிழக்கு முனையிலிருந்து ஆற்றோரமாக நடந்தால் கோதண்டராமர் கோயில், வலப்பக்கம் உள்ளே தள்ளி அச்சுதராயர் கோயிலும் அதன் சந்தை வீதியும், சுக்ரீவன் குகை, அப்புறம் விட்டலர். இரண்டு கிலோமீட்டர் அளவு. அவசரப்படாமல் போனால் இரண்டு மணி நேரம். ஹம்பியில் எனக்கு மிகவும் பிடித்த பாதை இதுதான். நகரத்தின் அகலம் காலுக்குப் புரியும். 1520 வாக்கில் இங்கே வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், இந்த ஊர் ரோம் அளவுக்குப் பெரிதாகத் தோன்றுவதாக எழுதினார். இந்தப் பாதையில் நடந்தால் அது மிகையாகத் தெரியாது.

நடக்க முடியாதவர்கள் சாலை வழியாக வண்டியில் வரலாம். கடைசி ஒரு கிலோமீட்டருக்குப் பேட்டரி வண்டி உண்டு.

ஐம்பது ரூபாய் நோட்டிலுள்ள கல் தேர் இங்கேதான் நிற்கிறது. அது கருடனுக்கான சன்னதி. இழுப்பது போல இப்போது இருக்கும் யானைகள் பிற்பாடு கொண்டுவந்து வைத்தவை. அவற்றின் பின்னால் பழைய குதிரைகளின் கால்களும் வால்களும் இன்னும் தெரிகின்றன. தேரின் மேல் ஒரு செங்கல் விமானமும் இருந்தது, 1856-இல் கிரீன்லா என்ற ஆங்கிலேயர் எடுத்த புகைப்படத்தில் அதைக் காணலாம். இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்க அனுமதி இல்லை. அதை மீற முயலும் நம் ஆட்களைப் பார்த்தால் தயங்காமல் தடுங்கள். 2019-இல் ஹம்பியில் சில இளைஞர்கள் ஒரு கோயில் தூணைத் தள்ளிச் சாய்த்தார்கள். நீதிமன்றம் அபராதம் விதித்து, அந்தத் தூணை அவர்களையே நிமிர்த்தி வைக்கச் செய்தது.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் போய்விடாதீர்கள். இந்தச் சுற்றுப்புறத்திலேயே 1556-இல் திருமங்கையாழ்வாருக்குக் கட்டிய கோயில் ஒன்று இருக்கிறது. காவிரிக் கரையில் பாடியவருக்குத் துங்கபத்திரைக் கரையில் கோயில். கூட்டம் அங்கே வருவதில்லை.

நுழைவுச் சீட்டு எப்படி?

விட்டலர் கோயில், அந்தப்புரப் பகுதி எனப்படும் தாமரை மகால் வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு, இந்தியர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்குக் கீழே இலவசம். அன்றைக்கு மட்டும்தான் செல்லும். அதனால்தான் இந்த மூன்றையும் இரண்டாம் நாளிலேயே வைக்கச் சொல்கிறேன்: காலையில் விட்டலர், உச்சி வெயிலில் அருங்காட்சியகம், மாலையில் அரண்மனைப் பகுதி. மற்ற இடங்களில் பெரும்பாலும் கட்டணமே கிடையாது.

அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். முற்றத்தில் மொத்த ஊரையும் மலைகளோடு சிறிதாக்கிச் செய்து வைத்திருக்கிறார்கள். காலையில் நடந்த வழியை அதில் விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால் பிள்ளைகள் உற்சாகமாகிவிடுவார்கள்.

அரண்மனைப் பகுதியில் அரண்மனையே இல்லையாமே?

உண்மை. அரண்மனைகளின் மேல்பகுதி மரத்தால் ஆனது, எரிந்தும் அழிந்தும் போயிற்று. மிஞ்சியவை கல் பீடங்கள். ஏமாற்றம் அடைகிறவர்கள் இங்கேதான் அடைகிறார்கள், ஆனால் தலைநகரம் என்ற சொல்லுக்கு அர்த்தம் புரிகிற இடமும் இதுவே. மகாநவமி மேட்டைச் சுற்றி நடந்து பக்கச் சுவர்களைப் பாருங்கள்: யானைகள், வேட்டை, கோலாட்டம், தொப்பி போட்ட வெளிநாட்டுக் குதிரை வியாபாரிகள். நல்ல குதிரை கடல் கடந்துதான் வர வேண்டியிருந்தது, இந்த அரசின் பலம் அதை நம்பி இருந்தது. மேடை மேல் ஏறினால், நவராத்திரியின் ஒன்பது நாளும் அரசர் உட்கார்ந்து படைகளையும் ஆட்டங்களையும் பார்த்த இடத்தில் நிற்பீர்கள்.

கீழே கருங்கல் படிக்குளம். 1980-களில் தோண்டி எடுக்கும் வரை மண்ணுக்குள் கிடந்தது. எந்தக் கல் எந்த வரிசையில் பொருந்த வேண்டும் என்று கற்களில் குறியிட்டிருக்கிறார்கள். வேறெங்கோ செதுக்கி, இங்கே கொண்டுவந்து அடுக்கியதற்கு அடையாளம். அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கல் வாய்க்கால் தூண்கள்மேல் நீண்டு கிடக்கிறது, அதன் வழியே கண்ணை ஓட்டுங்கள். ஹஜாரராமர் கோயிலின் சுவரில் ராமாயணம் வரிசை வரிசையாக ஓடுகிறது. கதை தெரிந்த பிள்ளைகளைச் சொல்லவிட்டுக் கேட்கலாம்.

தாமரை மகாலின் வளைவுகளும் பதினோரு அறை யானைக் கொட்டிலின் குவிமாடங்களும் சுல்தான்களின் கட்டடக்கலையைத் தழுவியவை. இது இந்து நகரம், எதிரிகள் இடித்தார்கள் என்று ஒற்றை வரியில் கதை சொல்லும் வழிகாட்டி கிடைத்தால், அகமத் கானின் மசூதி எங்கே என்று கேளுங்கள். இரண்டாம் தேவராயரின் அதிகாரி ஒருவர் 1439-இல் தலைநகருக்குள்ளேயே கட்டியது அது.

மூன்றாம் நாள்?

அக்கரைக்குப் போங்கள். தளவாரகட்டத்தில் ஆற்றைக் கடந்தால் ஆனெகுந்தி, தலைநகரத்தைவிடப் பழைய ஊர். கிஷ்கிந்தை இதுதான் என்பது நம்பிக்கை. அனுமன் பிறந்த இடமென்று கொண்டாடப்படும் அஞ்சனாத்ரி மலைக்கு 575 படிகள். வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள். மாத்வர்களுக்கு ஆற்றின் நடுத்திட்டிலுள்ள நவபிருந்தாவனம் முக்கியமான தலம். வியாசராஜர் உள்ளிட்ட ஒன்பது மகான்களின் சமாதிகள் அங்கே இருக்கின்றன. திரும்பியதும் மாலை ரயிலுக்கு நேரம் சரியாக இருக்கும்.

பெரியவர்களால் முடியுமா?

முடியும், தேர்ந்தெடுத்துப் போனால். விரூபாட்சர், விட்டலர் (பேட்டரி வண்டியில்), தாமரை மகால், அருங்காட்சியகம் நான்கும் பெரும்பாலும் சமதளம். சூரிய உதயம் பார்க்க ஏறும் மதங்க மலையும் அஞ்சனாத்ரியும் வேண்டாம். ஒரு ஆட்டோவை நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள், எந்தெந்த இடம் என்று முதலிலேயே சொல்லி விலை முடித்துவிடுங்கள்.

சாப்பாடு?

ஹம்பி கிராமத்தில் சைவம்தான், மதுவும் கிடையாது. ஹோஸ்பேட்டில் ஒக்கரணே மிர்ச்சியைச் சாப்பிடாமல் வர வேண்டாம்: தாளித்த பொரியும் பக்கத்தில் சூடான மிளகாய் பஜ்ஜியும். மதியத்துக்குச் சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்திரிக்காயும். கோயில்களில் கையில் வாழைப்பழத்தோடு போனால் குரங்குகள் பிடுங்கிவிடும்.

பாதுகாப்பு எப்படி?

பகலில் கவலை இல்லை. இருட்டிய பின் மலை, ஆற்றோரம், கால்வாய்க் கரை எங்கும் தனியாக இருக்கக் கூடாது, கூட்டமாக இருந்தாலும் கூடாது. 2025 மார்ச்சில் சாணாபூர் கால்வாய் அருகே இரவில் உட்கார்ந்திருந்த பயணிகள் மீது கொடூரமான தாக்குதல் நடந்தது, ஒருவர் உயிரிழந்தார். மதங்க மலையில் சூரிய உதயம் பார்க்க விரும்பினால் உள்ளூர் வழிகாட்டியோடு ஏறுங்கள். பாதை சில இடங்களில் செங்குத்து. ஆற்றில் குளிப்பதானால் கோயில் படித்துறையில் மட்டும். மற்ற இடங்களில் பாறைகளுக்கு நடுவே சுழல் இருக்கிறது.

வழிகாட்டி தேவையா?

இரண்டாம் நாளுக்கு மட்டும் அமர்த்துங்கள். அரசு அடையாள அட்டை உள்ளவரா என்று பாருங்கள். கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் பேசுவார்கள். தமிழ் பேசுகிறவர் கிடைப்பது அபூர்வம்.

அரை நாள் மிச்சமிருந்தால் வேறென்ன?

தரோஜி கரடிகள் சரணாலயம். ஹம்பியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பிற்பகலில் காவல் கோபுரத்தில் உட்கார்ந்தால், எதிரேயுள்ள பாறைகளிலிருந்து கரடிகள் இறங்கி வருவதைத் தூரத்திலிருந்து பார்க்கலாம். தொலைநோக்கி இருந்தால் எடுத்துப்போங்கள். பாதாமியையும் இதே பயணத்தில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 140 கிலோமீட்டர் தள்ளியுள்ள சாளுக்கியர் தலைநகரம் அது, ஐஹொளேயும் பட்டடக்கல்லும் கூடவே வரும். அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்.